வரப்பில் கால் புரள்கிறதா? காலின் வெளிப்பக்கத் தசைக்குத் தினமும் 10 நிமிடம் கொடுங்கள்!

சம்பா நடவு தொடங்கிவிட்டால், எங்கள் அலுவலகத்துக்கு வரும் விவசாயிகளில் சிலராவது காலைத் தாங்கித் தாங்கி நடந்து வருவார்கள். ‘என்னங்க ஆச்சு?’ என்று கேட்டால், ‘ஒண்ணுமில்ல சார், வரப்புல கால் பிசகிடுச்சு. நாலு நாள்ல சரியாயிடும்’ என்பார்கள். பயிரில் ஓர் இலை மஞ்சளானால் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள், தங்கள் கணுக்கால் வீங்கியிருப்பதை நாம் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

நானும் அப்படி இருந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, இலைச்சுருட்டுப் புழுத் தாக்குதலைப் பார்ப்பதற்காக ஒரு வயலுக்குப் போயிருந்தேன். வரப்பில் உளுந்து நன்றாகப் படர்ந்திருந்தது. அந்த வரப்பு உளுந்தைப் போடச் சொன்னதே நான்தான். அதற்குக் கீழே இருந்த எலி வளை என் கண்ணில் படவில்லை. வலது கால் உள்ளே போனது, பாதம் உள்பக்கமாக மடங்கியது. ‘மளுக்’ என்று ஒரு சத்தம். அன்று மாலையே எண்ணெய் போட்டு இழுத்து உருவிவிட்டார்கள். மூன்றாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். வலி குறைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு வருடங்களில் அதே கால் மூன்று முறை புரண்டது. கடைசி முறை, பேருந்தில் இருந்து இறங்கும்போது. சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடியில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, என் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சார், முதல் தடவை அடிபட்டப்பவே ஜவ்வு ஒருமாதிரி ஆறியிருக்கும். ஆனா இந்தத் தசைக்கு நீங்க திரும்ப வேலையே கொடுக்கல. அதான் கால் புரண்டுக்கிட்டே இருக்கு.’

28 வருடங்களாக வேர் முதல் கதிர் வரை பார்த்துப் பழகிய எனக்கு, என் காலில் இப்படி ஒரு தசை இருப்பது அன்றுதான் தெரிந்தது. நான் படித்தது வேளாண்மை, மருத்துவம் இல்லை. அவர் கற்றுக்கொடுத்ததையும், நான் செய்து பலன் கண்டதையும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே சொல்கிறேன். நடவு என்பது ஊருக்கு 20, 25 நாள் வேலை. அதில் 10 நாள் கால் வீங்கிப் படுத்துவிட்டால், அந்தப் பருவத்துக் கூலியில் பாதி போய்விடும் என்பது நமக்குத் தெரியும்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது?

திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். முழங்காலுக்கு நான்கு விரல் கீழே, காலின் வெளிப்பக்கத்தில் கையை வையுங்கள். இப்போது முழங்காலை அசைக்காமல், உள்ளங்கால் வெளிப்பக்கம் பார்க்கும்படி பாதத்தை மட்டும் திருப்புங்கள். கைக்குக் கீழே ஒரு தசை இறுகுகிறது அல்லவா? அதுதான். மருத்துவர்கள் இதைப் பெரோனியல் தசை என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் இருக்கின்றன.

இரண்டும் கீழே வரவரக் கயிறு போன்ற தசைநாண்களாக மாறி, கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் எலும்பு மொளிக்குப் பின்னால் வளைந்து பாதத்துக்குள் போகின்றன. ஒன்று சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியில் முடிகிறது. எனக்குப் பெயர்ந்த இடம் அதுதான். மற்றொன்று உள்ளங்காலுக்கு அடியில் குறுக்காக ஓடி, கட்டைவிரல் பக்கம் போய்ச் சேர்கிறது.

இதன் வேலை என்ன? வாழைக்கு நாம் கயிறு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு இருக்கிறது. அது கட்டிவைத்த கயிறு. ஓரளவுக்குத்தான் தாங்கும், அதற்குமேல் இழுத்தால் கிழியும். பெரோனியல் தசை, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. பாதம் உள்பக்கம் சாயத் தொடங்கியதுமே அது சுருங்கி, பாதத்தை வெளிப்பக்கம் இழுத்து நேராக்குகிறது. அந்த ஆள் தூங்கிவிட்டால் முழு இழுவையும் ஜவ்வின்மேல் விழும். கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்க ஜவ்வு அடிபடுவதால் வருபவைதான்.

ஒருமுறை கால் புரண்டால், ஜவ்வோடு சேர்ந்து இந்தத் தசையும் பலம் குறைகிறது. சாய்வை உணர்ந்து சுருங்கும் வேகமும் குறைகிறது. வலி போன பிறகும் இந்தக் குறை அப்படியே இருக்கும். அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் மறுபடியும் சுளுக்குகிறது.

நமக்கு ஏன் இது அதிகம்?

தார்ச்சாலையில் நடப்பவருக்கு இந்தத் தசைக்கு அவ்வளவு வேலை கிடையாது. நம் வேலையே வேறு.

வரப்பு: சரிவான வரப்பில் நடக்கும்போது பாதம் சமமாகப் பதியாது. ஒரு கால் உள்பக்கமும் மறுகால் வெளிப்பக்கமும் சாய்ந்தபடியே இருக்கும். ஒரே வரப்பில் தினமும் ஒரே திசையில் சுமையோடு போய்வருபவர்களுக்கு ஒரு காலின் வெளிப்பக்கம் மட்டும் கடுக்கும்.

சேறு: தொழியில் காலை எடுத்து வைக்கும்போது குதிகால் சேற்றில் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும். நடவு ஆட்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடும்போது கால் எங்கே பதிகிறது என்று பார்க்கவும் முடியாது.

சுமை: 16 லிட்டர் தெளிப்பானில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. கருவியின் எடை தனி. அது முதுகில் இருக்கும்போது, தண்ணீர் ஒரு பக்கம் அலம்பினாலும் உடம்பு சாயும். அந்தச் சாய்வைக் கடைசியில் தாங்குவது கணுக்கால்தான்.

குத்தவைத்து உட்காருவது: களை எடுப்பது, நிலக்கடலை ஆய்வது, பூப்பறிப்பது எல்லாம் மணிக்கணக்கில் இந்த நிலையில்தான். பெரோனியல் தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில், எலும்பைச் சுற்றித் தோலுக்கு மிக அருகில் வருகிறது. நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தால் அந்த நரம்பு நசுங்கும். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், முன்பாதத்தைத் தூக்க முடியாமல் விரல் தரையில் உரசும். வெளிநாடுகளில் ஸ்ட்ராபெர்ரி பழம் பறிக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள், பழம் பறிப்போரின் பெயரையே இந்தப் பாதிப்புக்கு வைத்துவிட்டார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடந்துவிட்டு உட்காருங்கள். விரல் உரசுகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

யார் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது?

முறையைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தசையை நீட்டுவதற்குப் பாதத்தை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். சுளுக்கும்போது கால் மடங்குவதும் இதே திசையில்தான். ஆகவே, புதிதாகச் சுளுக்கிய காலில் இதைச் செய்தால் கிழிந்த ஜவ்வை இன்னும் கிழித்ததாகிவிடும். வீக்கம் வடிந்து, சாதாரணமாக நடக்கும்போது வலி இல்லை என்று ஆன பிறகுதான் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்கள், கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். பலமுறை புரண்டு, கணுக்கால் ‘லொடலொட’ என்று ஆடுகிறவர்களுக்கு நீட்டும் பயிற்சியைவிட, பின்னால் சொல்லும் பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும்தான் முக்கியம்.

நீட்டும் பயிற்சி: செய்முறை

மாலையில் பம்புசெட்டில் கால் கழுவிவிட்டு வீடு திரும்பியதும் செய்வது நல்லது. உழைத்த தசை சூடாக இருக்கும், எளிதில் நீளும். காலையில் எழுந்த உடனே விறைத்த தசையை இழுக்க வேண்டாம்.

முறை 1, திண்ணையில் உட்கார்ந்து:

1. திண்ணையிலோ நாற்காலியிலோ நேராக உட்காருங்கள். இடது கணுக்காலைத் தூக்கி வலது தொடையின்மேல் வையுங்கள்.

2. இடது கையால் கணுக்காலுக்குச் சற்று மேலே காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் அசையக் கூடாது.

3. வலது கையால் முன்பாதத்தை, சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் இருந்து பிடியுங்கள். உள்ளங்கால் மேல்நோக்கித் திரும்பும்படி மெதுவாக இழுங்கள்.

4. அதே நிலையில், முன்பாதத்தை முழங்கால் பக்கமாகச் சிறிது மடக்குங்கள். காலின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஓர் இழுவை தெரியும்.

5. மூச்சை அடக்காமல் 20 முதல் 30 விநாடி அப்படியே இருங்கள். வெட்டி வெட்டி இழுக்க வேண்டாம். பிறகு மெதுவாக விடுங்கள்.

6. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

முறை 2, துண்டு வைத்து:

முழங்கால் வலியால் காலை மடக்கித் தொடையின்மேல் வைக்க முடியாதவர்களுக்கு இது வசதி. தரையில் காலை நீட்டி உட்காருங்கள். தோளில் போடும் துண்டை முன்பாதத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் கையில் பிடியுங்கள். முதலில் இரண்டு கையாலும் சமமாக இழுத்துப் பாதத்தை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். பிறகு கட்டைவிரல் பக்கத்து முனையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழுங்கள். இடது காலுக்கு வலது கை, வலது காலுக்கு இடது கை. உள்ளங்கால் உள்பக்கம் திரும்பும். இதிலும் 20 முதல் 30 விநாடி, மூன்று முறை.

இழுவை எங்கே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். காலின் வெளிப்பக்கச் சதையில் தெரிந்தால் சரி. கணுக்கால் மொளிக்குக் கீழேயோ முன்னாலோ ‘சுருக்’கென்று குத்தினால் அது ஜவ்வு. உடனே விட்டுவிடுங்கள்.

இதோடு ஆடுசதைக்கும் ஒரு நீட்டல் சேர்த்துக்கொள்ளலாம். சுவரில் கை ஊன்றி, ஒரு காலை முன்னால் மடக்கி, பின்காலை நேராக வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். 30 விநாடி, மூன்று முறை. ஆடுசதை இறுகிக்கிடந்தால் கணுக்கால் முழுதாக மடங்காது. சேற்றில் காலை ஊன்றும்போது அந்தக் குறை தெரியும்.

நீட்டினால் மட்டும் போதாது

இந்த இடத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நீட்டுவதால் கடுப்பும் இறுக்கமும் குறையும். கால் புரளாமல் இருக்க வேண்டுமானால் அந்தத் தசைக்குப் பலமும், சட்டென்று விழித்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். நிலத்தை உழுது பொலபொலப்பாக்கினால் போதுமா? உரமும் தண்ணீரும் கொடுத்தால்தானே பயிர் எழும்பும்?

பலப் பயிற்சி: பழைய சைக்கிள் டியூப் ஒன்றை ஒரு சாண் நீளமுள்ள வளையமாக முடிந்துகொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முன்பாதங்களையும் அதற்குள் விடுங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும். முழங்காலை அசைக்காமல், ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி டியூப்பை இழுங்கள். மெதுவாகத் திரும்பி வாருங்கள். 10 முதல் 15 தடவை, இரண்டு சுற்று. டியூப் இல்லையென்றால், பாதத்தின் வெளி ஓரத்தைத் தூணில் வைத்து 5 விநாடி அழுத்துங்கள், விடுங்கள். இப்படி 10 தடவை.

குதிகால் தூக்குதல்: தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி நில்லுங்கள். எடை கட்டைவிரல் பக்கம் இருக்கட்டும், சுண்டுவிரல் பக்கம் சாய வேண்டாம். 10 முதல் 15 தடவை.

சமநிலைப் பயிற்சி: தூணுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். கை தூணைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டம்தான் பயிற்சி. காலையில் பல் துலக்கும்போதே இதைச் செய்துவிடலாம். கால் புரள்வதைத் தடுப்பதில் இந்தச் சமநிலைப் பயிற்சிக்கு நல்ல பலன் இருக்கிறது என்று விளையாட்டு வீரர்களிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயதானவர்கள் தூணை நன்றாகப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்து 10 நிமிடம்தான். நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் வரப்பில் நடக்கும்போது பயம் போனது.

கால் புரண்ட அன்று என்ன செய்ய வேண்டும்?

வேலையை நிறுத்துங்கள். ‘இந்தக் குழியை முடிச்சிட்டு வர்றேன்’ என்று சேற்றில் நிற்காதீர்கள். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்தில் இருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ தளர்த்திவிடுங்கள். படுக்கும்போது காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வையுங்கள்.

முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு எண்ணெய் போட்டு உருவுவது, இழுப்பது, வெந்நீர் ஒத்தடம் ஆகியவை வேண்டாம். உள்ளே கசியும் ரத்தத்தை அவை அதிகமாக்கும், வீக்கம் கூடும். எலும்பில் கீறல் இருந்தால் இழுப்பதால் அது விலகியும் போகலாம். நான் செய்த தவறு அதுதான்.

எக்ஸ்ரே எப்போது தேவை? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த எளிய விதி ஒன்றை உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட உடனேயும், மருத்துவமனையில் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே தேவை. கணுக்காலின் இரு பக்க எலும்பு மொளிகளின் பின் ஓரத்தில் அழுத்தினால் வலித்தாலும் தேவை. பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, பாதத்தின் உள்பக்கம் கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலும் தேவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அதன் பிறகு, வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்கலாம். வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தால் தசை வாடிவிடும். முறிவு இல்லை என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே நல்லது.

வயலிலும் சில மாற்றங்கள்

தெளிப்பானை முழுதாக நிரப்பிக்கொண்டு குறுகிய வரப்பில் நடக்காதீர்கள். முக்கால் அளவு நிரப்புங்கள், ஒரு நடை கூடினால் கூடட்டும். ஈரமான ரப்பர் செருப்போடு வரப்பில் நடப்பது ஆபத்து. ஒன்று, பிடிமானம் உள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு போடுங்கள். இல்லையென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே பார்த்து நடங்கள். இருட்டில் மடை பார்க்கப் போகும்போது டார்ச் வெளிச்சம் காலடியில் விழட்டும். பாம்புக்காக மட்டுமல்ல, வளைக்காகவும்தான்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கால் பிசகி 10 நாள் ஆகிறது. வலி இல்லை. நடவுக்குப் போகலாமா? (வாசகி, மன்னார்குடி பகுதி)

பதில்: வலி இல்லாதது முதல் படிதான், அம்மா. மூன்று சோதனை செய்து பாருங்கள். சமதரையில் நொண்டாமல் வேகமாக நடக்க முடிகிறதா? நுனிக்காலில் பத்தடி நடக்க முடிகிறதா? அடிபட்ட காலில் மட்டும், நல்ல காலில் நிற்கும் அதே அளவு நேரம் நிற்க முடிகிறதா? மூன்றும் முடிந்தால் போகலாம். முதல் சில நாள் ஆழமான தொழியில் இறங்காமல், நாற்றுப் பறிப்பது, முடி கட்டுவது போன்ற வேலையாகக் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் இன்னும் ஒரு வாரம் பயிற்சி செய்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடையில் விற்கும் கணுக்கால் உறையை எப்போதும் போட்டுக்கொண்டால் போதாதா? (வாசகர், ஒரத்தநாடு)

பதில்: சுளுக்கு ஆறிய பிறகு சில மாதங்களுக்கு, வேலை நேரத்தில் மட்டும் போடுவது உதவும். பயிற்சிக்கு அது மாற்று ஆகாது. சேற்று வேலையில் உறைக்குள் ஈரமும் மண்ணும் சேர்ந்தால் சேற்றுப்புண் வரும். வேலை முடிந்ததும் கழற்றித் துவைத்து, காலையும் விரல் இடுக்கையும் நன்றாகத் துடைத்து உலர விடுங்கள்.

கேள்வி: எனக்கு 12 வருடமாகச் சர்க்கரை. பாதம் மதமதப்பாக இருக்கிறது. இந்தப் பயிற்சிகளைச் செய்யலாமா? (வாசகர், 61 வயது)

பதில்: முதலில் பாதத்தின் உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் ஐயா. அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். மருத்துவர் சரி என்றால் துண்டு வைத்து நீட்டும் முறையையும், தூணைப் பிடித்துக் குதிகால் தூக்குவதையும் செய்யலாம். ஒற்றைக் காலில் பிடிமானம் இல்லாமல் நிற்க வேண்டாம். ஐஸும் வெந்நீரும் உங்கள் காலுக்கு ஆபத்து, சுட்டாலும் தெரியாது. அடிபட்ட நினைவே இல்லாமல் பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயில் எலும்பு உள்ளுக்குள் நொறுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கேள்வி: கோனோவீடர் தள்ளிய அன்று இரவு, காலின் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம் பகுதி)

பதில்: சேற்றில் உருளையைத் தள்ளி இழுக்கும்போது இந்தத் தசை ஓயாமல் வேலை செய்கிறது. படுக்கும் முன் முறை 1-ஐச் செய்யுங்கள். இழுத்துப் பிடிக்கும் நேரத்திலும் அதே நீட்டல் உதவும். வேலை நேரத்தில் தண்ணீர், நீராகாரம், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதையை அழுத்தினால் வலித்தால் அது சுளுக்கோ பிடிப்போ இல்லாமல் ரத்தக்கட்டாக இருக்கலாம். அந்தக் காலை உருவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கணுக்கால் மொளிக்குப் பின்னால் ஒரு நரம்பு ‘டக் டக்’ என்று விலகுவது போல் இருக்கிறது. நீட்டினால் சரியாகுமா? (வாசகர், பட்டுக்கோட்டை பகுதி)

பதில்: நீட்டாதீர்கள். அது நரம்பு இல்லை, பெரோனியல் தசைநாண். அடிபட்டதில் அதைப் பிடித்துவைத்திருக்கும் பட்டை கிழிந்திருந்தால், மொளியைத் தாண்டி முன்னால் நழுவும். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்பட விட்டால் தசைநாண் தேய்ந்து நைந்துவிடும்.

கேள்வி: வரப்பைச் சிறிதாக வைத்தால்தான் எலி வராது என்கிறீர்கள். சிறிய வரப்பில் கால் புரள்கிறதே? (வாசகி, நன்னிலம் பகுதி)

பதில்: நியாயமான கேள்வி. இதை நானும் என் காலால்தான் கற்றேன். பெரிய வரப்பில் எலி வளை தோண்டும் என்பது உண்மை. எல்லா வரப்பையும் அகலமாக்க வேண்டாம். தினமும் ஆள் நடக்கும் ஒரு வரப்பை மட்டும், இரண்டு பாதம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு அகலமாக, மேல்பக்கம் சமமாக வையுங்கள். அதில் உளுந்து போடாதீர்கள், தரை கண்ணுக்குத் தெரியட்டும். மற்ற வரப்புகளைச் சிறிதாக வைத்து, அவற்றில் உளுந்து போடுங்கள். ஒவ்வொரு பருவமும் அண்டை வெட்டி, சேறு பூசும்போது வளைகளை அடைத்துவிடுங்கள். நடைவரப்பின் ஓரத்தில் தஞ்சாவூர் கிட்டி வைப்பதும், வயலில் ஆந்தை உட்காரத் தாங்கி நடுவதும் எலியைக் குறைக்கும்.

நாற்றங்கால் தயாராகும்போதே இந்தப் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள். நாற்று பறிக்கும் வயதுக்கு வருவதற்குள், உங்கள் காலும் வரப்பில் இறங்கத் தயாராகிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை கால் புரண்டவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களை இன்று மாலையே திண்ணையில் உட்காரவைத்து, இந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டி, முதல் 30 விநாடியை நீங்களே எண்ணுங்கள்.